இறுதி நோயும் இல்லத்தார் கடமையும்



நோயாளியைப் போய்ப் பார்ப்பது நம்மவரிடம் இன்னும் குன்றாதிருக்கும் நற்பழக்கங்களில் ஒன்று. கடையை அடைத்த பிறகு, நேரமாகிவிட்டாலும் பாராட்டாது, பழமோ பிஸ்கோத்தோ வாங்கிக்கொண்டு போகிறோம். கட்டிலருகே பத்து நிமிஷம் உட்காருகிறோம். "ஒன்றுமில்லை, இன்ஷா அல்லாஹ் சீக்கிரம் எழுந்து கடைக்கு வந்துவிடுவீர்கள்" என்று சொல்கிறோம். துஆச் செய்துவிட்டு வீடு திரும்புகிறோம். நம்மளவில் கடமை தீர்ந்துவிடுகிறது.

ஆனால் நாம் திரும்பிய பின் அவ்வீட்டில் நடப்பதென்ன? இரவு இரண்டு மணிக்கு அவர் வலியால் முனகும்போது எழுந்து மருந்து கொடுப்பவர் யார்? "எனக்கு என்னதான் வியாதி?" என்று அவர் கேட்கும்போது பதில் சொல்பவர் யார்? இன்றைய பாடம் அவ்வீட்டில் இரவெல்லாம் விழித்திருப்பவர்களைப் பற்றியது. நாளைக்கு நம் வீட்டிலும் இக்கேள்விகள் எழக்கூடுமாதலால், நிதானமாகப் படித்து வீட்டாருடன் பேசும்படி கேட்டுக்கொள்கிறோம்.

1. ஹாஸ்பிஸ் என்பது யாது?

குணப்படுத்த இயலாது என்று டாக்டர்கள் தீர்மானித்துவிட்ட நோயாளிக்கு, நோயின் வேதனையைத் தணித்து, எஞ்சிய நாட்களை மரியாதையோடு கழிக்க உதவும் முறைக்கு ஹாஸ்பிஸ் என்று பெயர். அந்திமக்காலப் பராமரிப்பு என்று தமிழில் வழங்குகிறோம். இம்முறையின் இன்றைய வடிவத்திற்கு வழிகாட்டியவர் ஸிஸிலி ஸாண்டர்ஸ் என்னும் ஆங்கிலேய மாது. முதலில் தாதியாகவும், பிறகு சமூக சேவகியாகவும், அதன் பின் டாக்டராகவும் பயின்ற அவர், 1967-ல் லண்டனில் ஸெயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் திறந்தார்.

சிங்கப்பூரில் 1985-ல் ஸெயின்ட் ஜோஸப்ஸ் இல்லத்தில் கன்னியாஸ்திரீகள் ஒதுக்கிய 16 படுக்கைகளோடு இப்பணி தொடங்கிற்று. அடுத்த வருஷமே, 1986-ல், புற்றுநோய்ச் சங்கத்தின் கீழ்த் தொண்டர்கள் சிலர் நோயாளிகளின் வீடுகளுக்கே செல்லலாயினர். அக்குழுவிலிருந்து 1989-ல் எச்.சி.ஏ. என்னும் தனி ஸ்தாபனம் பிறந்தது. மலேசியாவில் 1991-ல் ஹாஸ்பிஸ் மலேசியா கோலாலம்பூரில் நிறுவப்பட்டது. தொடங்கியவர் எம்மதத்தினராயினும், இந்த வீட்டுச் சேவை இனமும் மதமும் பாராமல் எல்லார்க்கும் கிட்டுவதாகும். நம் வீடுகளுக்கும் வருகிறார்கள்; தொழுகை நேரமறிந்து வெளியில் காத்திருக்கும் தாதியர் உண்டு.

வீட்டுச் சேவை எவ்வாறு நடக்கிறது? ஆஸ்பத்திரி டாக்டரோ குடும்ப டாக்டரோ எழுதியனுப்ப வேண்டும். நோயாளியின் ஆயுள் ஏறத்தாழ ஒரு வருஷம் அல்லது அதற்கும் குறைவு என்று மதிப்பிடப்படும் நிலையில் சிங்கப்பூரில் இச்சேவைக்கு அனுப்புவது வழக்கம். டாக்டரும் தாதியும் தேவைக்கேற்ப வீடு தேடி வருவர். வீட்டார் கவலைகளைக் கேட்க ஒரு சமூக ஊழியரும் உண்டு. இரவு பகல் எந்நேரமும் கூப்பிடுவதற்கு ஒரு தொலைபேசி எண் தருவர். கட்டில், சக்கர நாற்காலி, பிராணவாயு இயந்திரம் முதலியவற்றை இரவலாகப் பெறவும் வழி செய்வர். வீட்டுக்கு வந்து பார்ப்பதற்குப் பல ஸ்தாபனங்கள் கட்டணம் வாங்குவதில்லை.

ஒன்றை மட்டும் முன்னமே தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். அவர்கள் வந்து வழிகாட்டுவார்களே தவிர, நாள் முழுதும் உடனிருக்க மாட்டார்கள். குளிப்பாட்டுவதும், புரட்டிப் படுக்க வைப்பதும், மருந்து கொடுப்பதும் வீட்டாரின் வேலை. "தாதி வருகிறாரே, இனி நமக்கென்ன" என்றெண்ணிச் சேருகிறவர்கள் முதல் வாரத்திலேயே ஏமாற்றமடைவர்.

2. இரு குடும்பங்கள்

நாமறிந்த இரு குடும்பங்களை உதாரணமாகக் கூறுவோம். பெயரும் கடையும் வேண்டியதில்லை. இரண்டும் நல்ல குடும்பங்கள். இரண்டிலும் பிள்ளைகள் தகப்பனார்மீது உயிரையே வைத்திருந்தவர்கள்.

முதல்வர் ஜவுளி வியாபாரி. ஈரலில் புற்று. டாக்டர் மக்களை அழைத்து, இனிச் சிகிச்சை பயன்படாது, வீட்டிலேயே வைத்துப் பராமரிக்கலாம், ஹாஸ்பிஸுக்கு எழுதித் தருகிறேன் என்றார். மூத்த மகனுக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்கள் அத்தாவைக் கைவிடச் சொல்கிறீர்களா?" என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டார். அத்தாவிடம் வயிற்றில் புண் என்று சொல்லி வைத்தார்கள். வலி தாங்காத இரவுகளில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்கள். ஐந்து வாரத்தில் நான்கு முறை அவசரப் பிரிவில் மணிக்கணக்காகக் காத்திருக்க நேர்ந்தது. "எனக்கு என்ன?" என்று அவர் கேட்டபோதெல்லாம், "ஒன்றுமில்லை அத்தா" என்பதே பதில். கடைசி வாரத்தில் அவருக்கே தெரிந்துவிட்டது. அப்போது பக்கத்திலிருந்த இளைய மகனின் கையைப் பிடித்து, "கடை உனக்கு" என்றார். இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரியிலேயே மௌத்தானார்.

மௌத்துக்குப் பின் சீட்டுகளோடு ஆட்கள் வந்தனர். இவருக்குத் தர வேண்டும், அவருக்குத் தர வேண்டும் என்றனர். எது மெய், எது பொய் என்று சொல்லக்கூடியவர் மண்ணறையில் இருந்தார். "கடை உனக்கு" என்ற சொல்லை மூத்தவர் ஏற்கவில்லை, சகோதரிகளும் ஏற்கவில்லை. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் மூன்று பெருநாட்கள் ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்கவில்லை.

இரண்டாமவர் மளிகைச் சாமான் மொத்த வியாபாரி, எழுபத்தொரு வயது. கணையத்தில் புற்று. இவ்வீட்டிலும் மக்கள் விஷயத்தை மறைத்தே வைத்திருந்தார்கள். ஆனால் மருமகள் வற்புறுத்தியதால் ஹாஸ்பிஸ் தாதியை வரவழைத்தார்கள். வந்தவர் ஒரு சீனப் பெண்மணி. சந்தை மலாய் பேசுவார். கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "பாக்சிக், உங்கள் வியாதியைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டார். மகன்களுக்கு மூச்சு நின்றுவிட்டது. பெரியவர் சிரித்தார். "நாற்பது வருஷம் கல்லாவில் உட்கார்ந்தவன் நான். கடன் கேட்க வருகிறவன் வாயைத் திறக்குமுன் அவன் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வேன். என் பிள்ளைகள் முகத்தைப் பார்த்தால் தெரியாதா? அவர்களுக்கு வருத்தமாயிருக்குமே என்றுதான் நானும் கேட்காமலிருந்தேன்" என்றார்.

இரண்டு மாதமாகத் தகப்பனாரும் மக்களும் ஒருவரிடமிருந்து ஒருவர் மறைத்து வைத்திருந்த விஷயம் ஒன்றே. அன்று அவ்வீட்டில் எல்லாரும் அழுதார்கள். அன்றிரவுதான் பல நாளைக்குப் பின் மனம்விட்டுப் பேசினார்கள்.

எனினும் வலி இருக்கும்வரை வேறொன்றும் பேச முடியவில்லை. டாக்டர் மார்பின் மருந்து எழுதித் தந்தார். முதலிரண்டு நாள் தூக்கமாகவே கிடந்தார், வீட்டார் பயந்தனர். மூன்றாம் நாள் தெளிந்து, சாய்ந்து உட்கார்ந்து, முதன்முதலாகக் கேட்டது பேரேட்டைத்தான். நான்கு நாட்கள், நாளுக்கு ஒரு மணி நேரம், மூத்த மகனை எழுதச் சொல்லிக் கணக்குச் சொன்னார். வர வேண்டியது, தர வேண்டியது, ஒருவர் நம்பி ஒப்படைத்திருந்த நகை, எல்லாம் வந்தன. கடைசியில் பேரேட்டில் இல்லாத ஒன்றையும் சொன்னார். 1998-ஆம் வருஷ நெருக்கடியில் சரக்கு மீட்க முடியாமல் தவித்தபோது, நண்பர் ஒருவர் சீட்டில்லாமல் 12,000 வெள்ளி கொடுத்திருந்தார். பிறகு அந்நண்பர் கடையநல்லூருக்குத் திரும்பி, அங்கேயே மௌத்தாகிவிட்டார். அவர் மனைவிக்கும் இது தெரியாது. கேட்பாரில்லாததால் தள்ளிப்போய், தள்ளிப்போய், சொல்ல வெட்கப்பட்டு நின்றுவிட்ட கடன் அது. "இதை முதலில் கொடுங்கள்" என்றார். கொடுத்துவிட்டு, அம்மாது தொலைபேசியில் பேசியதையும் அவர் காதில் கேட்க வைத்தார்கள். மறுநாளிலிருந்து அவர் முகமே மாறிவிட்டது என்று அவர் மனைவி சொன்னார்.

சகோதரர்களே, இவ்விரு வீடுகளிலும் அன்புக்குக் குறைவில்லை. ஒருவருக்குக் கணக்கை முடிக்க அவகாசம் கிடைத்தது. மற்றவருக்கு அது கிடைக்காமற் போயிற்று. வித்தியாசம் அவ்வளவே. அந்த அவகாசம் கிடைக்க இரண்டு வேண்டும்: உண்மையைச் சொல்லுதல், வலியைத் தணித்தல். ஹாஸ்பிஸ் தாதி இவ்விரண்டுக்குமே துணையாக வருகிறார்.

3. நம்மைத் தடுக்கும் அச்சங்கள்

முதல் அச்சம்: உண்மையைச் சொன்னால் உடைந்துபோவார் என்பது. எல்லா நோயாளியும் எல்லாம் கேட்க விரும்புவதில்லை. அதை மதிக்க வேண்டும். ஆகவே வலியப் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டியதில்லை. "உங்களுக்கு என்ன தெரிய வேண்டும்?" என்று கேட்டு, கேட்கும் அளவுக்குப் பதில் சொல்வதே நன்று. ஆனால் அவர் நேராகக் கேட்கும்போது பொய் சொல்லலாகாது. தவணை தெரியாமல் எந்த வியாபாரியும் கடனை அடைக்க முடியாது. ஆயுள் அல்லாஹ்வின் கையிலுள்ளது; டாக்டர் சொல்வது மதிப்பீடுதான். எனினும் மழை வருமென்று தோன்றினால் வெளியில் கிடக்கும் சரக்கை உள்ளே எடுத்து வைக்கிறோமல்லவா?

இரண்டாம் அச்சம்: மார்பின். இது அபினியிலிருந்து எடுக்கப்படுவது. அபின் தின்று கெட்டழிந்தவர்களை நம் முன்னோர் இத்துறைமுகத்தில் கண்ணாரக் கண்டிருக்கிறார்கள். ஆகவே பயம் இயல்பே. ஆனால் வலிக்காக டாக்டர் அளந்து கொடுக்கும் மார்பின் வேறு, மயக்கத்திற்காகத் தின்னும் அபின் வேறு. உலகச் சுகாதார ஸ்தாபனம் 1986-ல் புற்றுநோய் வலிக்கு வகுத்த முறை இதுதான்: இயன்றவரை வாய்வழியாகக் கொடுத்தல், வலி வரும்வரை காத்திராமல் மணிப்படி கொடுத்தல், சிறு மருந்திலிருந்து படிப்படியாக ஏறுதல். முறையாகக் கொடுத்தால் இம்மருந்து மரணத்தை விரைவுபடுத்துவதில்லை. வலி நோயாளி இதற்கு அடிமையாவதும் அரிது. முதல் சில நாள் தூக்கமும் குமட்டலும் வரலாம்; பெரும்பாலும் தணிந்துவிடும். மலச்சிக்கல் மட்டும் தணியாது. ஆகவே மலமிளக்கியையும் கூடவே கேட்டு வாங்குங்கள். போதைப்பொருள் ஹராமாயிற்றே என்று தயங்குவோருக்கு ஒரு வார்த்தை: தாங்கொணா வலிக்கு மருந்தாக டாக்டர் தருவதை அவசியத்தின் பேரில் ஆகுமானது என்பதே மார்க்க அறிஞர்களின் பொதுவான கருத்து. ஐயமிருந்தால் உங்கள் இமாமிடம் கேட்டுத் தெளிக. கேளாமலே பெரியவரை வலியில் கிடத்தி வைக்காதீர்கள்.

மூன்றாம் அச்சம்: உணவு. நம் வீட்டுப் பெண்மக்களை இதைப்போல் வாட்டுவது வேறில்லை. மளிகை வியாபாரியின் மனைவி, "ஐம்பது வருஷம் சோறு போட்ட கை இது. இவரைப் பட்டினி போட்டா அனுப்புவேன்?" என்று அழுதார். தாதி பொறுமையாக விளக்கினார்: உடல் அடங்கி வரும்போது பசியும் தாகமும் தாமே அடங்கும். உண்ணாததால் சாவு வருவதில்லை. சாவு நெருங்குவதால் உணவு வேண்டாமற் போகிறது. விழுங்க முடியாதவரின் வாயில் கஞ்சியை ஊற்றினால் அது நெஞ்சுக்குள் இறங்கி மூச்சை அடைக்கும். குழாய் வழியே நீரேற்றினால் கை கால் வீங்கி, மூச்சில் கபம் மிகுவதும் உண்டு. பிறகு பஞ்சை நனைத்து உதட்டையும் நாவையும் ஈரமாக்கக் காட்டிக் கொடுத்தார். அன்று முதல் அது அம்மாவின் வேலையாயிற்று. ஹஜ்ஜிலிருந்து வந்த ஜம்ஜம் தண்ணீரில் பஞ்சை நனைத்து மணிக்கொருமுறை உதட்டைத் துடைத்தார். அவர் கைக்கு வேலை கிடைத்தபின் அழுகை குறைந்தது.

நான்காம் அச்சம்: ஊர் என்ன சொல்லும் என்பது. "பணமிருந்தும் ஆஸ்பத்திரியில் வைக்காமல் வீட்டில் போட்டுவிட்டார்கள்" என்ற பேச்சுக்கு அஞ்சித்தான் பல வீடுகளில் ஆம்புலன்ஸ் வருகிறது. இப்பேச்சைப் பேசுகிறவர்கள் வேறு யாருமல்லர், நாமேதான். 2023-ல் சிங்கப்பூர்ச் சுகாதார அமைச்சு, மரணங்களில் நூற்றுக்கு 61 ஆஸ்பத்திரியில் நிகழ்வதைக் கண்டு, 2027-க்குள் அதை 51 ஆகக் குறைப்பதைக் குறிக்கோளாக வைத்தது. வீட்டில் வைத்துப் பார்ப்பது ஏழைமைக்கோ அலட்சியத்துக்கோ அடையாளமன்று.

4. வியாபாரிகள் முடிக்க வேண்டிய கணக்கு

கடை வைத்திருப்பவரின் மௌத்துக்குப் பின் செய்ய வேண்டியவற்றின் வரிசை நமக்குத் தெரிந்ததே: முதலில் அடக்கச் செலவு, அடுத்துக் கடன், அதன்பின் வஸிய்யத், கடைசியாக வாரிசுப் பங்கு. கடன் அடையாமல் வாரிசுகளுக்குச் சல்லிக்காசும் இல்லை. எனவே தெளிவுள்ள நாட்களில் இவற்றை முடிப்பது நலம்.

கடன்கள். தர வேண்டியதையும் வர வேண்டியதையும் ஒரே தாளில் எழுதி, இரு சாட்சிகள் கையொப்பமிடுக. சீட்டில்லாக் கடனைத்தான் முதலில் எழுத வேண்டும். மன்னித்துவிட்ட கடனையும் எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் பிள்ளைகள் பின்னால் போய்க் கேட்பார்கள். கொடுபடாத ஜகாத்தும் கடனே.

அமானிதம். பிறர் நகை, பிறர் பணம், பள்ளிவாசல் கணக்கு, சங்கக் கணக்கு எதுவாயினும் உரியவரிடம் நேரில் ஒப்படைத்துவிடுக.

அன்பளிப்பு. இதில்தான் ஜவுளி வியாபாரியின் குடும்பம் இடறிற்று. மரணத்தில் முடியும் நோயில், அதாவது மரளுல் மௌத்தில், கொடுக்கும் அன்பளிப்புக்கு வஸிய்யத்தின் சட்டமே பொருந்தும். வாரிசல்லாதவர்க்கு மூன்றிலொரு பங்குக்குமேல் செல்லாது. வாரிசு ஒருவருக்குக் கொடுப்பதானால், ஏனைய வாரிசுகள் இசைந்தாலொழிய நிறைவேறாது. "கடை உனக்கு" என்று கட்டிலில் கிடந்து சொன்ன சொல் இளையவருக்கு உரிமை தரவில்லை, பகையைத்தான் தந்தது. உழைத்த மகனுக்குக் கூடுதலாகக் கொடுக்க நினைப்பவர் உடல் நலமாயிருக்கும்போதே உலமாக்களையும் வழக்கறிஞரையும் கலந்து செய்துவிட வேண்டும்.

அதிகாரப் பத்திரம். அவர் பெயரில் மட்டுமுள்ள வங்கிக் கணக்கு மௌத்துக்குப் பின் முடங்கும். சிங்கப்பூரில் வாரிசுகள் ஷரீஅத் நீதிமன்றத்தில் வாரிசுச் சான்றிதழ் பெற்று மேற்கொண்டு நடக்க நாளாகும். அதற்கிடையில் வேலையாட்களின் சம்பளமும் கடை வாடகையும் நிற்காது. அதற்கு முன்னேற்பாடு வேண்டும். உயிருடனிருந்தும் நினைவு தப்பிவிட்டால் யார் கையொப்பமிடுவது என்பதற்கு எல்.பி.ஏ. என்னும் அதிகாரப் பத்திரம் உண்டு. புத்தி தெளிவாயிருக்கும்போதுதான் அதை எழுத முடியும். மௌத்தோடு அது முடிந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு, அது எந்தப் பேரேட்டிலும் ஏறாது. யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், யாரை மன்னிக்க வேண்டும் என்று அவரிடம் கேளுங்கள். பேச்சறுந்த தம்பியை வரவழைக்க வேண்டுமானால், நினைவிருக்கும்போதே வரவழையுங்கள்.

5. இரவு முறை

நம்மவரில் ஆண்மக்கள் கடையைக் காரணம் காட்டி நழுவுவதும், சுமை முழுவதும் மனைவிமேலும் மருமகள்மேலும் பணிப்பெண்மேலும் விழுவதும் மறைக்க முடியாத உண்மை. படுக்கைப் புண் வராதிருக்க இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். மணிப்படி மருந்து, வாய் சுத்தம், துணி மாற்றம். பத்து நாள் தனியாகச் செய்கிறவர் பதினோராம் நாள் தாமே நோயாளியாகிவிடுவார்.

மளிகை வியாபாரியின் மூன்று மக்களும் கடை வேலையைப் பங்கிடுவதுபோல் இரவைப் பங்கிட்டார்கள். பத்து மணி முதல் இரண்டுவரை ஒருவர், இரண்டு முதல் சுபுஹுவரை ஒருவர், மூன்றாமவருக்கு ஓய்வு. மருந்து கொடுத்த நேரத்தை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதினார்கள். தாதி வந்தால் முதலில் அதைத்தான் பார்ப்பார். சிங்கப்பூர் வந்த நாள் முதல் அத்தாவின் காலைத் தொட்டறியாத இளையவர், தம் கையால் அவரைச் சுத்தம் செய்ததைப் பின்னாளில் சொல்லும்போது, "அதுவரை நான் அத்தாவுக்குப் பணம்தான் கொடுத்திருந்தேன்" என்றார்.

தொழுகையைப் பற்றியும் ஒரு சொல். நிற்க முடியாதவர் உட்கார்ந்தும், உட்கார முடியாதவர் படுத்தும், தண்ணீர் ஆகாதவர் தயம்மும் செய்தும் தொழலாம். இதற்கு உதவி செய்யும் பிள்ளை, மருந்து கொடுக்கும் பிள்ளைக்குக் குறைந்தவனல்லன்.

பார்க்கப் போகும் நமக்கும் பாடமுண்டு. ஆளுக்கொரு நாட்டு மருந்தும் ஆளுக்கொரு டாக்டர் பெயரும் சொல்லிக் குழப்பாதிருப்போம். பத்து நிமிஷத்தில் எழுவோம். "இன்றிரவு நான் இருக்கிறேன், நீங்கள் தூங்குங்கள்" என்று ஒருவர் சொன்னால், அது ஒரு கூடைப் பழத்தைவிட உதவும்.

6. கடைசி மணிகள்

அறிகுறிகளை முன்னமே தெரிந்துகொண்டால் பயம் பாதி குறையும். நாளின் பெரும்பகுதி தூக்கம், சிறுநீர் குறைதல், கை கால் குளிர்ந்து, முழங்காலில் நீலத் திட்டுக்கள் தோன்றுதல், மூச்சு வேகமாகி, நின்று, மீண்டும் தொடங்குதல், தொண்டையில் கபம் உருளும் சப்தம். அந்தச் சப்தம் கேட்பவரை வாட்டுமளவு நோயாளியை வாட்டுவதில்லை என்பர் மருத்துவர். ஒருக்களித்துப் படுக்க வைத்தால் குறையும், மருந்தும் உண்டு. விழுங்க முடியாதவருக்குத் தோலுக்கடியில் சிறு ஊசி வைத்து, கையடக்கமான இயந்திரத்தின் மூலம் இருபத்துநான்கு மணி நேரமும் மருந்து செலுத்துவர்.

மளிகை வியாபாரியின் வீட்டில் அந்தச் சப்தம் கேட்ட இரவு, மூத்தவருக்கே மனம் தளர்ந்துவிட்டது. ஆம்புலன்ஸைக் கூப்பிடத் தொலைபேசியை எடுத்துவிட்டார். அவர் மனைவி அதை வாங்கி, சுவரில் ஒட்டியிருந்த ஹாஸ்பிஸ் எண்ணைக் கூப்பிட்டார். தாதி செய்ய வேண்டியதை ஒவ்வொன்றாகச் சொன்னார். தலையணையை உயர்த்தினார்கள், ஒருக்களித்தார்கள், எடுத்து வைத்திருந்த மருந்தைக் கொடுத்தார்கள். கேட்கும் சக்தி கடைசிவரை இருக்கக்கூடும் என்று தாதி சொல்லியிருந்ததால், அழுகிறவர்கள் அடுத்த அறைக்குப் போனார்கள். ஒருவர் யாஸீன் ஓத, மூத்தவர் காதருகே குனிந்து அமைதியாகக் கலிமா சொல்லிக்கொண்டிருந்தார். சுபுஹுக்குப் பின் மூச்சு அடங்கிற்று. அன்றே அஸருக்குப் பின் சுவா சூ காங்கில் நல்லடக்கம் ஆயிற்று.

வீட்டில் மௌத் நேர்ந்தால் காரணத்தை டாக்டர் ஒருவர் உறுதி செய்ய வேண்டும். ஹாஸ்பிஸில் சேர்ந்தவராயின் நோயின் வரலாறு அவர்களிடமிருப்பதால் இது சிக்கலின்றி முடியும். வரலாறு தெரியாத டாக்டர் சான்று தர இயலாது என்று கருதினால், விஷயம் போலீஸுக்கும் மரண விசாரணை அதிகாரிக்கும் போய் அடக்கம் தாமதப்படும். சிங்கப்பூரில் 2022 மே 29 முதல், டாக்டர் சான்றளித்ததும் மரணம் தானாகவே பதிவாகிவிடுகிறது. பதிவு அலுவலகத்துக்கு ஓட வேண்டியதில்லை. மலேசியாவில் வீட்டில் நேரும் மரணத்தைப் போலீஸ் நிலையத்தில் தெரிவித்து அடக்க அனுமதி பெறுவது வழக்கம். அங்கே டாக்டரின் கடிதம் கையிலிருப்பது உதவும்.

எல்லா வீட்டிலும் இது இயலும் என்று நாம் சொல்லவில்லை. சிறிய வீடு, தனித்திருக்கும் முதிய மனைவி, அடங்காத வலி, அடங்காத இரத்தப்போக்கு ஆகிய காரணங்களால் ஆஸ்பத்திரியிலோ தங்கும் ஹாஸ்பிஸிலோ சேர்க்க நேர்ந்தால் அதில் குற்றமில்லை. முயன்று இயலாமற் போனவர்களை யாரும் குறை கூறலாகாது. எங்கே இருந்தாலும், அவருக்கு உண்மை தெரிய வேண்டும். வலி தணிய வேண்டும். கணக்கை முடிக்க அவகாசம் வேண்டும்.

வீட்டாருடன் பேசுவதற்கு

1. நம் வீட்டுப் பெரியவருக்குத் தீராத நோய் வந்தால், எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புவார்? நலமாயிருக்கும் இப்போதே அவரிடம் கேட்டிருக்கிறோமா?

2. சீட்டில்லாத கடன் நம்மிடம் ஏதேனும் உண்டா? அது நம்மைத் தவிர யாருக்குத் தெரியும்?

3. இரவு முறை வந்தால், கடையைச் சாக்காகச் சொல்லாமல் நம் பங்கை எடுத்துக்கொள்வோமா?

4. நாம் அடுத்த முறை நோயாளியைப் பார்க்கப் போகும்போது, "ஒன்றுமில்லை" என்பதற்குப் பதிலாக என்ன சொல்வோம்?

இரண்டாம் கேள்விக்கு விடை எழுதத் தாள் எடுக்க வேண்டியிருந்தால், இன்றிரவு கடையடைக்குமுன் எழுதிவிடுங்கள். வஸ்ஸலாம்.